பேட்ச் போட்ட பிறகும் ஸ்கேனர் சிவப்பு காட்டினால்: எஸ்எஸ்ஹெச் ஓட்டையை அறிகுறி வாரியாகச் சரிசெய்வது

பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கும் திருத்தம், போடுவது பத்து நிமிட வேலை. மறுநாள்தான் ஃபோன் அடிக்கத் தொடங்கும். ஓட்டைகளைத் தேடும் ஸ்கேனர் இன்னும் சிவப்பாக இருக்கிறது, லாகின் ஆகவில்லை, பழைய நெட்வொர்க் சுவிட்சுக்குள் போக முடியவில்லை, ஆஃபீஸில் ஒருவருக்குமே கனெக்ஷன் கிடைக்கவில்லை. சென்னையில் சின்னச் சின்ன நிறுவனங்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையப் பயன்படும் ஓபன்எஸ்எஸ்ஹெச் மென்பொருளில் வந்த, சிவிஇ-2024-6387 என்று எண்ணிட்ட பாதுகாப்பு ஓட்டைக்காக ஏறி இறங்கிய இடங்களில் பார்த்தவற்றை, என்ன தெரிந்தால் என்ன செய்வது என்ற வரிசையில் எழுதுகிறேன்.

கட்டளைகளை நான் ஃபோனில் சொல்லிச் சொல்லிப் பழகியவன். அதே உச்சரிப்பில்தான் இங்கேயும் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் ‘பெரிய’ என்றே சொல்லியிருக்கிறேன்.

ஓட்டை எது, யாருக்கு

சர்வரில் எஸ்எஸ்ஹெச் இணைப்புகளுக்காகக் காத்திருக்கும் நிரலான எஸ்எஸ்ஹெச்டி, கதவைத் தட்டியவர் தன்னை யாரென்று நிரூபிக்க 120 வினாடி கொடுக்கிறது. இந்த அவகாசத்துக்குப் பெயர் லாகின்கிரேஸ்டைம். நேரம் முடிந்ததும் அலாரம் சிக்னல் அடிக்கும். நடந்துகொண்டிருக்கும் வேலையை அப்படியே பாதியில் நிறுத்திவிட்டு, சிக்னலுக்கான ஃபங்ஷன் ஓடி, லாகில் ஒரு வரி எழுதும். கோளாறு அந்த ஒரு வரியில்தான். லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியில் லாக் எழுதும் ஃபங்ஷன் மெமரியைக் கேட்கும், விடுவிக்கும். கல்லாவில் இருப்பவர் சில்லறையைப் பாதி எண்ணிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் அதே பெட்டிக்குள் கைவிட்டு எடுத்தால் கணக்கு என்ன ஆகும்? அதுதான் இங்கே மெமரிக்கு நடக்கிறது. அந்தக் குழப்பத்தைச் சரியான நொடியில் பிடித்தால் பாஸ்வேர்டே இல்லாமல் ரூட், அதாவது சர்வரின் முழு அதிகாரம் உள்ளவர், ஆகிவிடலாம்.

இது புதிய தவறும் இல்லை. 2006-இல் சிவிஇ-2006-5051 என்ற எண்ணில் அடைக்கப்பட்ட அதே ஓட்டை. 2020 அக்டோபரில் நடந்த ஒரு மாற்றத்தில் அடைப்பு தவறுதலாக விடுபட்டு, 8.5பி1 பதிப்போடு திரும்ப வந்துவிட்டது. குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்டுபிடித்து 2024 ஜூலை 1 அன்று வெளியிட்டார்கள். அன்றைக்கே 9.8பி1 வந்தது. ஆக, 8.5பி1 முதல் 9.7பி1 வரை, ஜிலிப்சி உள்ள லினக்ஸில் ஓடினால் கவலைப்பட வேண்டும். உபுண்டு 22.04, 24.04, டெபியன் 12, ரெட் ஹேட் 9 எல்லாம் இதில் வரும். உபுண்டு 20.04, டெபியன் 11, ரெட் ஹேட் 8 ஆகியவற்றில் அதற்கும் பழைய பதிப்பு இருப்பதால் தப்பின. ஓபன்பிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத்தில் சிக்னலுக்குள் பத்திரமாக லாக் எழுத 2001-லேயே தனி ஃபங்ஷன் செய்துவைத்ததால் அங்கே பிரச்சினை இல்லை.

பாஸ்வேர்டை நிறுத்திக் கீ, அதாவது சாவிக் கோப்பு, மட்டும் வைத்திருப்பவர்கள் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். தாக்குதல் முழுவதும் லாகினுக்கு முந்தைய 120 வினாடிக்குள் நடக்கிறது. சரியான கீ காட்ட வேண்டிய தேவையே வருவதில்லை.

எதைத் தொடுவதற்கு முன்பும் இரண்டு காரியம். ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒரு செஷனை மூடாமல் வைத்துக்கொள்ளுங்கள். ரீஸ்டார்ட்டுக்கு முன் ‘சுடோ எஸ்எஸ்ஹெச்டி மைனஸ் டி’, சின்ன டி, அடித்துப் பாருங்கள். கான்ஃபிக் கோப்பில் பிழை இருந்தால் வரி எண்ணோடு சொல்லும், எதுவும் சொல்லாமல் திரும்பினால் சரி. பிறகு ரீஸ்டார்ட் செய்து, இன்னொரு விண்டோவில் புதிதாக லாகின் ஆகிப் பார்த்த பின்பே பழைய செஷனை மூடுங்கள். சென்னைக்குள் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடலாம், ஆனால் சர்வர் மும்பை டேட்டா சென்டரில் இருந்தால் போக முடியாது.

பேட்ச் போட்டாயிற்று, ஸ்கேனர் இன்னும் சிவப்பு

அதிகம் வந்த புகார் இதுதான். பத்தில் ஒன்பது இடங்களில் ஸ்கேனர்தான் தவறு. எஸ்எஸ்ஹெச்டி தன் பெயரையும் பதிப்பு எண்ணையும் முதல் வரியிலேயே சொல்லிவிடும். ஸ்கேனர் அந்த பேனரை மட்டும் படித்து, 9.8-க்குக் கீழே என்றால் ஓட்டை என்று எழுதிவிடும். ஆனால் உபுண்டு, டெபியன், ரெட் ஹேட்காரர்கள் பழைய பதிப்பையே வைத்துக்கொண்டு திருத்தத்தை மட்டும் அதற்குள் தைத்துக் கொடுப்பார்கள். எனவே பார்க்க வேண்டியது பேக்கேஜ் எண்ணை. உபுண்டு 22.04-இல் 1:8.9பி1-3உபுண்டு0.10, 24.04-இல் 1:9.6பி1-3உபுண்டு13.3, டெபியன் 12-இல் 1:9.2பி1-2+டெப்12யு3, ரெட் ஹேட் 9-இல் 8.7பி1-38.இஎல்9_4.1. இவையோ இவற்றுக்குப் பிந்தையவையோ இருந்தால் அடைபட்டுவிட்டது. ‘ஆப்ட் பாலிசி ஓபன்எஸ்எஸ்ஹெச்-சர்வர்’ என்று அடித்தால் எண் தெரியும். ரெட் ஹேட் வகையறாவில் ‘ஆர்பிஎம் மைனஸ் க்யூ ஓபன்எஸ்எஸ்ஹெச்-சர்வர்’.

மீதி ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறை. மேஜைக்கு அடியில் ஒரு உபுண்டு 22.04 சர்வர். பில்லிங், ஸ்டாக் இரண்டும் அதில்தான். அங்கே கணக்குப் பார்க்கும் தம்பிதான் என் கை, கண் எல்லாம். பேட்ச் போட்ட மறுநாள் கூப்பிட்டான்.

“அண்ணே, வாங்குற கம்பெனிலருந்து ஸ்கேன் ரிப்போர்ட் அனுப்பியிருக்காங்க. இன்னும் ரெட்லதான் காட்டுது.”

“பேக்கேஜ் எண் என்ன வருது?”

“நீங்க சொன்ன அதே 0.10 தாண்ணே.”

“அப்ப சரியாயிடுச்சு தம்பி. ஸ்கேனருக்கு அது தெரியாது. தவறான எச்சரிக்கைன்னு பதில் போட்டுடு.”

நான் செய்த பெரிய பிழை அது. மாலையில் மனசு கேட்காமல் என் மொபைல் டேட்டாவிலிருந்து ‘என்சி’ கட்டளையில் அந்த முகவரியின் 22-ஐ, அதாவது எஸ்எஸ்ஹெச்சின் வழக்கமான போர்ட்டை, தட்டினேன். வந்த பேனரில் ‘ஓபன்எஸ்எஸ்ஹெச்_8.6’ என்று மட்டும் இருந்தது. உபுண்டுவின் சர்வர் என்றால் ‘8.9பி1’ என்று சொல்லி, பின்னாலேயே ‘உபுண்டு-3உபுண்டு0.10’ என்ற வாலையும் காட்டியிருக்கும். எண் வேறு, பி1 இல்லை, வாலும் இல்லை. அது உபுண்டு கொடுத்த எஸ்எஸ்ஹெச்டியே அல்ல.

திரும்ப ஃபோன் போட்டேன். “தம்பி, ‘சுடோ எஸ்எஸ் மைனஸ் டிஎல்என்பி’ அடி. 22-க்கு நேரே பிஐடின்னு ஒரு எண் வரும், அதைச் சொல்லு.” சொன்னான். “இப்ப ‘சுடோ எல்எஸ் மைனஸ் எல்’, ஒரு இடைவெளி, ‘ஸ்லாஷ் ப்ராக் ஸ்லாஷ்’, அந்த எண், ‘ஸ்லாஷ் எக்ஸி’. ஓடுறது எந்தக் கோப்புன்னு காட்டும்.” சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, “அண்ணே, அம்புக்குறிக்கு அப்புறம் ஸ்லாஷ் யூஎஸ்ஆர் ஸ்லாஷ் லோக்கல் ஸ்லாஷ் எஸ்பின் ஸ்லாஷ் எஸ்எஸ்ஹெச்டின்னு வருது” என்றான்.

எனக்கு முன்னால் அங்கே வேலை பார்த்தவர் எப்போதோ 8.6-ஐ மூலநிரலிலிருந்து தானே கம்பைல் செய்து, லோக்கல் டைரக்டரியில் போட்டு, சர்வர் கிளம்பும்போது ஓடும் ஆர்சி.லோக்கல் கோப்பில் ஒரு வரி சேர்த்துத் தொடங்க வைத்திருந்தார். பேக்கேஜின் சர்வீஸ் முடக்கப்பட்டுக் கிடந்தது. நாங்கள் கவனமாகப் பேட்ச் போட்டது ஓடாத ஒன்றுக்கு. ஓடிக்கொண்டிருந்ததை யாரும் தொடவே இல்லை.

மருந்து: ஆர்சி.லோக்கலில் அந்த வரியை எடுத்து, லோக்கல் டைரக்டரியில் உள்ள எஸ்எஸ்ஹெச்டியின் பெயரை மாற்றி, 22-இல் கேட்டுக்கொண்டிருக்கும் பழைய பிராசஸை மட்டும் அதன் பிஐடி கொண்டு நிறுத்தி, ‘சிஸ்டம்சிடிஎல் இனேபிள் மைனஸ்மைனஸ்நவ் எஸ்எஸ்ஹெச்’ கொடுத்து பேக்கேஜுடையதைக் கிளப்புவது. சர்வரின் அடையாளமான ஹோஸ்ட் கீ மாறும் என்பதால் எல்லாருடைய லேப்டாப்பிலும் ‘அடையாளம் மாறிவிட்டது’ என்ற பெரிய எச்சரிக்கை வரும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், புதிய கைரேகை எண்ணையும் அனுப்புங்கள். யோசிக்காமல் ‘யெஸ்’ அடிக்கும் பழக்கத்தை நாமே வளர்க்கக் கூடாது.

அன்றிலிருந்து பேக்கேஜ் எண்ணை மட்டும் பார்த்து யாருக்கும் ‘சரி’ சொல்வதில்லை. போர்ட்டைப் பிடித்திருக்கும் பிஐடி, அந்த பிஐடியின் எக்ஸி, அந்தக் கோப்பு எந்தப் பேக்கேஜைச் சேர்ந்தது, மூன்றையும் பார்க்கிறேன். எக்ஸிக்கு நேரே ‘டெலீட்டட்’ என்று வந்தால் புதியது வட்டில் இறங்கிவிட்டது, மெமரியில் பழையதே ஓடுகிறது என்று பொருள். பெரும்பாலும் கான்ஃபிக் பிழையால் ரீஸ்டார்ட் நடக்காமல் போயிருக்கும். மேலே சொன்ன சின்ன டி காட்டிக்கொடுக்கும்.

கான்ஃபிக்கில் மாற்றினேன், எதுவும் மாறவில்லை

அம்பத்தூரில் இதற்கும் காரணம் அதுவேதான். கம்பைல் செய்த எஸ்எஸ்ஹெச்டி படிப்பது யூஎஸ்ஆர் லோக்கலுக்குள் இருக்கும் இடிசி டைரக்டரியின் கோப்பை. நாம் திருத்துவது வழக்கமான இடிசி எஸ்எஸ்ஹெச் கோப்பை.

மற்ற இடங்களில் காரணம் வேறு. உபுண்டு, டெபியன் புதிய பதிப்புகளில் முக்கியக் கோப்பின் தலையிலேயே வேறு கோப்புகளை இழுத்துவரும் ஒரு இன்க்ளூட் வரி உண்டு. எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக்.டி டைரக்டரியில் உள்ள கோப்புகள் முதலில் படிக்கப்படும். எஸ்எஸ்ஹெச்டியின் விதி, முதலில் கண்ட மதிப்பே செல்லும், பிறகு வருவது செல்லாது. கிளவுடில் எடுத்த சர்வர் என்றால் அங்கே 50-கிளவுட்-இனிட் என்ற கோப்பு பாஸ்வேர்டைத் திறந்து வைத்திருக்கக்கூடும். கீழே நீங்கள் எத்தனை முறை ‘நோ’ எழுதினாலும் பயன் இல்லை. சந்தேகத்தைத் தீர்க்க ‘சுடோ எஸ்எஸ்ஹெச்டி மைனஸ் பெரிய டி’. உண்மையில் அமலில் இருக்கும் எல்லா மதிப்புகளையும் கொட்டும். ஃபோனில் சொல்லும்போது பெரிய டி, சின்ன டி குழப்பம் எனக்கு வாரம் ஒருமுறை வருகிறது. எதைச் சொல்கிறோம் என்று அழுத்திச் சொல்லுங்கள்.

இன்றைக்குப் பேட்ச் போட முடியாது

மாதக் கடைசி, பில்லிங் நிற்கக் கூடாது என்பார்கள். அப்போதைக்கு லாகின்கிரேஸ்டைமை 0 ஆக்கலாம். அலாரமே அடிக்காது, ஓட்டையும் திறக்காது. 0 மட்டும்தான் மருந்து. ‘அவகாசத்தைக் குறை’ என்ற பொதுவான அறிவுரையை நம்பி 20 ஆக்கிவிடாதீர்கள். ஒவ்வொரு டைம்அவுட்டும் தாக்குபவருக்கு ஒரு முயற்சி. ஆய்வாளர்களுக்கு 32 பிட் டெபியனில் சராசரியாக 10,000 முயற்சி தேவைப்பட்டது. ஒரே நேரத்தில் 100 கனெக்ஷன், ஒவ்வொன்றுக்கும் 120 வினாடி என்றால் மூன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல். மெமரி முகவரியை ஊகிக்க வேண்டியிருப்பதால் அவர்கள் சொன்ன கணக்கு 6 முதல் 8 மணி நேரம். அவகாசம் 20 வினாடி என்றால் அதே வேலை ஆறில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடும். 64 பிட்டில் இது இன்னும் கடினம், ஆனால் அதை நம்பிப் படுத்துத் தூங்க மாட்டேன்.

0 ஆக்கிய பின் வேறொரு அறிகுறி வரும். லாகின் முயன்றால் ‘கெக்ஸ் எக்ஸ்சேஞ்ச் ஐடென்டிஃபிகேஷன்’ என்று தொடங்கும் பிழையோடு கனெக்ஷன் அறுந்துவிடும். லாகில் ‘பிகினிங் மேக்ஸ்ஸ்டார்ட்அப்ஸ் த்ராட்லிங்’ என்று இருக்கும். அவகாசம் முடியாததால், தட்டிவிட்டு சும்மா நிற்பவர்கள் யாரும் வெளியேற்றப்படுவதில்லை. மேக்ஸ்ஸ்டார்ட்அப்ஸின் இயல்பு மதிப்பு 10:30:100. லாகின் ஆகாதவர்கள் 10 பேர் சேர்ந்ததும் நூற்றுக்கு 30 பேரைத் திருப்பி அனுப்பத் தொடங்கி, 100 ஆனதும் எல்லோரையும் அனுப்பிவிடும். அந்த எண்ணைக் கூட்டுவது தீர்வு இல்லை. ஃபயர்வாலில் உங்கள் முகவரிகளை மட்டும் அனுமதித்துவிட்டு 0 வையுங்கள். பேட்ச் போட்ட அன்றே 120-க்குத் திருப்பிவிடுங்கள்.

லாகில் ‘டைம்அவுட் பிஃபோர் ஆதென்டிகேஷன்’ குவிகிறது

தாக்குதல் முயற்சியின் தடம் இதுதான். ஆனால் இணையத்துக்குத் திறந்த எந்த சர்வரிலும் இந்த வரி அங்கங்கே இருக்கும். சும்மா தட்டிவிட்டுப் போகும் ரோபோக்கள் எப்போதும் உண்டு. பார்க்க வேண்டியது அடர்த்தியை. ஒரே முகவரியிலிருந்து, அல்லது ஒரே நேரத்தில் தொடங்கிய சில முகவரிகளிலிருந்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கொத்துக் கொத்தாக, மணிக்கணக்கில், ஆயிரக்கணக்கில் வந்திருந்தால் அது ரோபோ அல்ல. உபுண்டுவில் ஆத்.லாக், ரெட் ஹேட் வகையில் செக்யூர் என்ற கோப்பு. டெபியன் 12-இல் கோப்பு இல்லாமல் இருக்கலாம், ‘ஜர்னல்சிடிஎல் மைனஸ் யூ எஸ்எஸ்ஹெச்’ பாருங்கள்.

கொத்துகள் திடீரென நின்று, அதற்குப் பிறகு உங்களுக்குத் தெரியாத எதுவும் சர்வரில் நடந்திருந்தால், பேட்ச் போட்டு அமைதியாகிவிடாதீர்கள். ரூட்டின் ஆதரைஸ்டு_கீஸ் கோப்பில் புதிய வரி, குறித்த நேரத்தில் தானாக ஓடும் அறியாத க்ரான் வேலை, இடிசியில் எல்டி.எஸ்ஓ.ப்ரீலோடு என்ற கோப்பு திடீரெனத் தோன்றியிருப்பது, இவற்றில் ஒன்று கண்ணில் பட்டால் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். மின்சாரத்தை நிறுத்த வேண்டாம், மெமரியில் உள்ள தடயம் போய்விடும். உள்ளே வந்தவர் வைத்துவிட்டுப் போனதைப் பேட்ச் எடுக்காது. சர்வரைப் புதிதாக நிறுவி, தரவை மட்டும் பேக்கப்பிலிருந்து ஏற்றி, அந்த சர்வரில் இருந்த எல்லாக் கீயையும் பாஸ்வேர்டையும் மாற்றுவதுதான் வழி.

அப்புறம், நம் நாட்டில் இதைத் தெரிவிக்க வேண்டிய கடமை உண்டு. ‘சிஇஆர்டி-இன்’ என்ற மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவுப்படி, இத்தகைய ஊடுருவலைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். எத்தனையோ இடங்களில் லாக் நாலு வாரத்தில் தானாக அழிந்துபோகும்படி இருக்கிறது. லாக்ரொடேட் கோப்பை இன்றைக்கே திறந்து பாருங்கள்.

9.8-க்கே போய்விட்டேன், இப்போது வேறு தொல்லைகள்

9.8-இல் எஸ்எஸ்ஹெச்டி இரண்டாகப் பிரிந்தது. கதவருகே காத்திருப்பது ஒன்று, வருபவரைக் கவனிக்கும் எஸ்எஸ்ஹெச்டி-செஷன் இன்னொன்று. 9.8-க்குப் போனால் வருபவை மூன்று தொல்லை.

ஏற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்யாவிட்டால் புதிய லாகின் எதுவும் நடக்காது. ஆர்ச் லினக்ஸ் இதற்காகத் தனி அறிவிப்பே போட்டது. திறந்திருக்கும் செஷனிலிருந்து ரீஸ்டார்ட் கொடுத்தால் தீர்ந்தது.

தோற்றுத் தோற்று முயலும் முகவரிகளைத் தடுக்கும் ஃபெயில்2பேன் திடீரென யாரையும் பிடிக்கவில்லை என்றால், லாகில் பெயர் எஸ்எஸ்ஹெச்டி-செஷன் என்று மாறியதுதான் காரணம். புதிய பதிப்புக்கு மாறுங்கள், அல்லது ஃபில்டர் கோப்பில் அந்தப் பெயரையும் சேருங்கள்.

மூன்றாவதுதான் அதிகம் அலைய வைக்கும். கிண்டியில் ஓர் ஆஃபீஸில் முப்பது பேர். வெளியே போகும்போது எல்லோருக்கும் ஒரே பொது முகவரி. ஒருவருடைய லேப்டாப்பில் பழைய கீயோடு ஒரு பேக்கப் ஸ்கிரிப்ட் இடைவிடாமல் முயன்று தோற்றுக்கொண்டிருந்தது. முப்பது பேருக்கும் கனெக்ஷன் போயிற்று. நெட் போய்விட்டது என்று இணைப்புக் கொடுத்தவரிடம் அரை நாள் சண்டை. உண்மையில் அது 9.8-இன் புதிய வசதியான பெர்சோர்ஸ்பெனால்டீஸ். தோற்கும் ஒவ்வொரு முயற்சிக்கும் அந்த முகவரிக்கு 5 வினாடி தண்டனை, சேரச் சேர 10 நிமிடம் வரை போகும். நல்ல வசதி, நிறுத்தாதீர்கள். பெர்சோர்ஸ்பெனால்டிஎக்ஸெம்ப்ட்லிஸ்ட் என்ற அமைப்பில் ஆஃபீஸ் முகவரியைச் சேர்த்து, அந்த ஸ்கிரிப்டையும் தேடிப்பிடித்து நிறுத்துங்கள்.

பழைய சுவிட்ச், பழைய ரவுட்டருக்குள் போகும்போது ‘நோ மேச்சிங் ஹோஸ்ட் கீ டைப்’ வந்தால், உங்கள் கணினியின் ஓபன்எஸ்எஸ்ஹெச் 8.8-க்கோ அதற்கு மேலேயோ போயிருக்கிறது. ஷா-1 என்ற பழைய முறையைக் கொண்ட ஆர்எஸ்ஏ கையொப்பம் அதிலிருந்து இயல்பாக ஏற்கப்படுவதில்லை. உங்கள் கான்ஃபிக் கோப்பில் அந்த ஒரு சாதனத்துக்கு மட்டும் ஹோஸ்ட் பகுதி எழுதி அங்கே அனுமதியுங்கள். ஒட்டுமொத்தமாகத் திறந்துவிட வேண்டாம்.

கதவு ஏன் திறந்திருந்தது

அம்பத்தூர் சர்வரின் 22 இணையத்துக்குத் திறந்திருந்த காரணத்தை முதலாளியிடம் கேட்டேன். “புயல் அப்போ தம்பி. பட்டறை வாசல்ல இடுப்பளவு தண்ணி. பில் போட யாரும் வர முடியல. வீட்டுலருந்து பண்ணட்டும்னு திறக்கச் சொன்னேன்” என்றார். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது ரவுட்டரில் போட்ட ஒரு போர்ட் ஃபார்வர்டு, அதாவது வெளியிலிருந்து தட்டுபவரை நேரே சர்வருக்கு அனுப்பும் அமைப்பு, தண்ணீர் வடிந்து ஏழு மாதம் ஆகியும் அப்படியே இருந்தது. அவர் செய்தது தப்பில்லை. கூலி கொடுக்க வேண்டிய வாரம், வேறு வழி இல்லை. மூட வேண்டும் என்று நினைவூட்ட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அந்த ஃபார்வர்டை எடுத்துவிட்டு வயர்கார்டு என்ற விபிஎன் போட்டோம். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நான்கு பேருக்கு நான்கு கீ. முடித்ததும் தம்பியை வாசலுக்குப் போகச் சொன்னேன். வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில், வயர்கார்டு இல்லாமல் 22-ஐத் தட்டச் சொன்னேன்.

“ஒண்ணுமே வரலண்ணே. சுத்திக்கிட்டே இருக்கு.”

“இப்ப வயர்கார்டு ஆன் பண்ணித் தட்டு.”

“வந்துடுச்சு. 8.9பி1, வாலோட.”

ரவுட்டரின் மேல் ஒரு சீட்டு ஒட்டச் சொன்னேன். எந்தப் போர்ட்டை எந்தத் தேதியில் திறந்தோம், யார் சொல்லி, எந்தத் தேதியில் மூட வேண்டும் என்று நான்கு கட்டம் போட்ட சீட்டு. இப்போதைக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.